கறையற்ற கதிரவனைக் கண்காணித்தோர்

தைத்திங்கள் முதல்நாளன்று லயத்து வாசலிலே பொங்கற்பானை ஏற்றி நாம் வணங்கும் கதிரவனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றுவதுண்டு. அவை சில நாள்களோ சில வாரங்களோ இருந்து மறைவன. சில ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாகத் தோன்றும். வேறு சில ஆண்டுகளில் வாரக்கணக்காக ஒன்றேனும் தோன்றாது. புள்ளி நிறைந்த காலத்தில் சூரியனை ஆராய்வோர் பலர். ஒன்றுமே தோன்றாத காலத்திலும் நாள்தோறும் அதனை நோக்கி, "இன்று புள்ளி இல்லை" என்று எழுதிவைத்தோர் சிலரே. அச்சிலர் உலகுக்கு ஈந்த பயன் பெரிது. அவர்தம் வரலாற்றோடு எமது மலையகத்து முன்னோரின் வரலாறும் ஓரிடத்தில் வந்து கலக்கின்றது. ஆதலின் அதனை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

ஜெர்மனியிலே தெசாவ் என்னும் நகரில் மருந்துக்கடை நடத்தியவர் ஹைன்ரிக் சுவாபே. புதன் கிரகத்துக்கும் உட்புறமாக வேறொரு கிரகம் இருக்கலாம், அது சூரியனுக்குக் குறுக்கே செல்லும்போது கரும்பொட்டாகத் தெரியும் என்று அவர் எண்ணினார். 1826ஆம் ஆண்டு முதல் மேகமற்ற ஒவ்வொரு நாளும் தொலைகாட்டியால் சூரியனை நோக்கிப் புள்ளிகளைக் குறித்து வந்தார். தேடிய கிரகம் கிட்டவில்லை. ஆயினும் புள்ளியற்ற நாள்களையும் அவர் தனியே எண்ணி வைத்திருந்தார். 1833ஆம் ஆண்டில் அத்தகைய நாள்கள் 139; 1843ஆம் ஆண்டில் 149. இடைப்பட்ட ஆண்டுகள் சிலவற்றில் ஒன்றுகூட இல்லை. இதனால் புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வருகின்றன என்னும் உண்மை வெளிப்பட்டது. பின்வந்தோர் அது சராசரி 11 ஆண்டு எனத் திருத்தினர்.

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு வெப்பமுடையது. வலிய காந்தப்புலம் ஓரிடத்தில் திரளும்போது உள்ளிருந்து வெப்பம் மேலெழுவது தடைப்படுகின்றது. அவ்விடம் சுற்றுப்புறத்திலும் குளிர்ந்து கருமையாகத் தோன்றும். அதுவே புள்ளி. அக்காந்தப்புலம் முறுகித் திடீரென இளகுமிடத்துச் சுவாலை வெடிக்கின்றது. 1859ஆம் ஆண்டு செப்தெம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தில் கரிங்டன் என்பவர் அத்தகைய சுவாலை ஒன்றை முதன்முதலிற் கண்டார். ஏறத்தாழ 17 மணி நேரத்தின் பின் பூமியின் காந்தப்புலம் கொந்தளித்தது. தந்திக் கம்பிகள் பல நாடுகளில் நிலைகுலைந்தன. பம்பாய்க் கொலாபாவிலிருந்த காந்தமானியும் அக்கொந்தளிப்பைப் பதிந்துகொண்டது.

இனி எமது முன்னோரின் கதைக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணிக்கப்படுகின்றது. மழை பொய்த்தது இயற்கை. தானியம் ஏற்றுமதியானதும், நிவாரண வேலை செய்தோரின் கூலி குறைக்கப்பட்டதும் மனிதர் செய்தவை. அக்காலத்தில் பசிக்கு அஞ்சிக் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்த மக்கள் எண்ணிறந்தோர். 1885ஆம் ஆண்டில் புகையிரதம் எமது நானுஓயாவை எட்டியபோது கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது.

அதே பஞ்சந்தான் கற்றோர் சிலரைச் சூரியனை நோக்கச் செய்தது. 1877ஆம் ஆண்டில் லொக்யர் என்னும் வானியலாளரும் ஹண்டர் என்னும் அதிகாரியும் சூரியப் புள்ளிகள் அருகும் காலத்தில் மழையும் அருகிப் பஞ்சம் வருகின்றது என்று எழுதினர். அஃது உண்மையாயின் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமன்றோ! இந்நம்பிக்கை இந்தியாவில் ஒரு சூரிய அவதான நிலையம் வேண்டும் என்னும் முயற்சிக்கு ஊக்கமளித்தது. பழநி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,700 அடி உயரத்திலுள்ள கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899ஆம் ஆண்டில் நிலையம் அமைந்தது. மிச்சி சிமித் அதன் முதற் பணிப்பாளர். 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம் பிடிக்கும் பணி அங்கு நடைபெற்று வந்தது. 1909ஆம் ஆண்டு சனவரியில் ஜோன் எவர்ஷெட், புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

சில ஆண்டுகளில் அமைதிக்காலம் வந்தது. 1913ஆம் ஆண்டில் 311 நாள்கள் சூரியனில் ஒரு புள்ளியும் இல்லை. பெயர் தரும் கண்டுபிடிப்பை அத்தகைய ஆண்டில் எதிர்பார்க்க இயலாது. ஆயினும் கோடைக்கானலிற் கண்ணாடித் தகடுகள் வைக்கப்பட்டன, படங்கள் எடுக்கப்பட்டன, வெறுமையான வட்டங்கள் நாளும் தேதியும் இட்டுப் பாதுகாக்கப்பட்டன.

புள்ளிக்கும் பஞ்சத்துக்கும் உள்ள தொடர்பு என்னவாயிற்று? இந்திய வானிலை அவதான நிலையங்களுக்குத் தலைவராக விளங்கிய கில்பட் வோக்கர், மழைக் கணக்கையும் புள்ளிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மழையை முன்னறிதற்கு உதவும் வலிமை அத்தொடர்புக்கு இல்லை என்றாயிற்று. அவர் அதற்குப் பதிலாக பசிபிக் பெருங்கடலிலும் இந்துப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டார். பசிபிக் நீர் சூடேறும் எல் நினோவோடு அது பிணைந்தது என்பதும், 1877ஆம் ஆண்டில் வலிய எல் நினோ நிலவியது என்பதும் பின்னர்த் தெளிவாயின. எந்த நம்பிக்கை அம்மலையில் நோக்கத் தூண்டியதோ அது நிறைவேறவில்லை; ஆயினும் உண்மையாக எழுதிய ஏடு வேறு பயன்களுக்கு உதவிற்று.

அவ்வுண்மையை 1964, 1965 ஆகிய ஈராண்டுகள் உலகுக்கு உணர்த்தின. 1957 - 58இல் நாடுகள் பல கூடிச் சர்வதேச பூபௌதிக ஆண்டைக் கொண்டாடியபோது சூரியன் வரலாறு காணாத கொந்தளிப்பில் இருந்தது. அக்கொந்தளிப்பால் விளைந்தது எவ்வளவு என அறிய, அமைதி நிலையின் அளவு வேண்டும். காய்ச்சலை அறிய உடலின் இயல்பான சூட்டை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின் 1964 சனவரி முதல் 1965 டிசெம்பர் வரை "சர்வதேச அமைதிச் சூரிய ஆண்டுகள்" எனக் குறித்து மீண்டும் நாடுகள் கூடி நோக்கின. கோடைக்கானலும், 1963 நவம்பர் 21இல் முதல் ஏவுகணை எழுந்த திருவனந்தபுரத்துத் தும்பாவும் பூமியின் காந்த நடுக்கோட்டை அடுத்திருப்பதால், மேல்வளியில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்தற்கு ஏற்ற இடங்களாயின.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழகத்தார் சிற்றலையிற் கேட்டு மகிழ்ந்ததைப் பெரியோர் அறிவர். சிற்றலையை மேல்வளியின் மின்படலமே திருப்பியனுப்புகின்றது. சுவாலை வெடித்தால் பகற்புறத்தில் சிற்றலை சிறிது நேரம் அடங்கிப்போகும். சூரியன் அமைதியுற்ற ஆண்டுகளில் அப்படலம் மெலிந்து, உயர்ந்த அதிர்வெண் அலைகள் திரும்பாது விண்ணிற் கலந்துவிடும். ஆதலின் அமைதியும் ஒரு செய்தியே.

இங்கு ஓர் ஐயம் எழும். ஏட்டில் புள்ளி இல்லை என்பது வானில் இல்லை என்பதாகுமா? யாரும் பார்க்கவில்லை என்பதாகாதா? 1645 முதல் 1715 வரை புள்ளிகள் மிக அருகியிருந்தன என்று மோண்டர் என்பவர் 1890களில் எழுதியபோது இவ்வையமே எழுந்தது. 1976ஆம் ஆண்டில் ஜோன் எடி பழைய குறிப்புகளை ஆராய்ந்தார். பாரிசில் பிக்கார்டும் லா ஹீரும் அக்காலத்தின் பெரும்பகுதியில் விடாது நோக்கி எழுதியிருந்தனர். எனவே புள்ளிகள் உண்மையாகவே அருகியிருந்தன என நிலைநாட்டப்பட்டது. நோக்கி எழுதிய வெறுமை வேறு. நோக்காது விட்ட வெறுமை வேறு.

இவ்வேறுபாட்டின் விலையை எம் மக்களைப்போல் அறிந்தோர் யார்? மாத்தளை வழியில் வீழ்ந்தோரின் பெயர்களை எவரும் முழுமையாக எழுதிவைத்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை முதலான முன்னோர் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, தோட்டத்திற் பிறந்து தோட்டத்தில் மாண்டோரின் பிள்ளைகள் காட்ட ஏடின்றி நின்றனர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அத்துயர் நீண்டது. அவர்கள் பிறவாதவர்களல்லர், எழுதப்படாதவர்கள்.

இளைஞர் அன்பர்களே! 2019 டிசெம்பரில் சூரியன் அமைதியின் அடியைத் தொட்டு, 2024இல் மீண்டும் உச்சம் எய்தியது. 2030ஆம் ஆண்டையொட்டி அடுத்த அமைதி வரும் என எதிர்பார்க்கப்படுகின்றது. சிறு தொலைகாட்டி ஒன்றினூடாகச் சூரியனின் விம்பத்தை வெள்ளைத்தாளில் விழுத்திப் புள்ளிகளைக் குறித்து வரலாம். தொலைகாட்டியினூடாகவோ வெறுங்கண்ணாலோ சூரியனை ஒருபோதும் பார்த்தல் ஆகாது, பார்வை போய்விடும். புள்ளி இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதுக. எமது ஊர் மூடுபனி மறைத்த நாளில் "பனி; பார்க்க இயலவில்லை" என்று எழுதுக. இரண்டையும் ஒன்றாக்கற்க.

பெரியோர்களே! தங்கள் நினைவிலுள்ள பாட்டன் பாட்டியர் பெயர்களையும் வந்த ஊரையும் இவ்விளைஞரிடம் சொல்லி எழுதுவித்தருள்க. தெரிந்ததைத் தெரிந்தவாறும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதினாலே போதும். அவ்வேடு பின்வருவோர்க்கு நாம் விட்டுச்செல்லும் முதுசமாகும்.