வேம்பின் கசப்பும் பூச்சியின் சுவையறிவும்

ஐதராபாத்தின் கிழக்குப் புறத்தே மல்லாபூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார், யுகாதியன்று அண்டை வீட்டார் தரும் பச்சடியைச் சுவைக்கும்பொழுது அதை வேற்றூர் உணவாகக் கருதுவதில்லை. சித்திரை முதல் நாளில் நம் வீட்டுப் பச்சடியிலும் அதே வேப்பம்பூதான் இடப்படுகிறது. மரத்தின் பெயரும் இருமொழியிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆண்டுக்கொரு முறை அக்கசப்பை நாம் விரும்பி உண்கிறோம். அரிசிப் பானையில் வேப்பிலையை இடும்பொழுதோ, பூச்சி அதை வெறுக்கும் என்று நம்புகிறோம். நம்முடையதைப் போன்ற நாவே இல்லாத பூச்சி, கசப்பை எவ்வாறு அறிகிறது?

1962-ஆம் ஆண்டில் வடநாட்டில் வெட்டுக்கிளிப் படை வந்திறங்கியது. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் அறிஞர் எஸ். பிரதானும் அவருடைய துணைவர்களும் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து, நீரில் கலந்து, பயிர்களின்மேல் தெளித்தனர். வெட்டுக்கிளிகள் அப்பயிர்களின்மேல் அமர்ந்தன; ஆனால் உண்ணவில்லை. இது கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கே நஞ்சு கொன்றதன்று. பசித்த வாய் மறுத்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1968-இல், இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் வெட்டுக்கிளியின் மறுப்பையே உரைகல்லாகக் கொண்டு, வேப்பம் விதையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர்.

வாய் மறுப்பதன் மருமம் மயிரில் இருக்கிறது. ஈயின் வாயோரத்திலும் கால்களிலும் நுண்ணிய மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு துளை. உள்ளே சில நரம்பணுக்கள். ஒன்று இனிப்புக்குத் துடிக்கும், ஒன்று நீருக்கு, ஒன்று உப்புக்கு. சில மயிர்களில் கசப்புக்கெனத் தனி நரம்பணு உண்டு. 1955-இல் அமெரிக்காவில் ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர் ஆகியோர் ஈயின் ஒற்றை மயிர் நுனியில் கண்ணாடி நுண்குழாயைப் பொருத்தி, அத்துடிப்பை மின்கருவியால் பதிவு செய்தனர்.

அடுத்த படியில் நம் நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஒபைத் சித்திக்கியும் அவர் மாணவி வெரோனிகா ரொட்ரிகசும் வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயை எடுத்துக்கொண்டனர். உணவுக்கே அல்லற்பட்ட நாட்டில் ஈயின் ருசியை ஆராய்வதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி ஆழமானது: சுவையறிவு பரம்பரையாக எவ்வாறு எழுதப்பட்டுள்ளது? ஈயின் காலில் சர்க்கரை நீர் பட்டால் அது வாய்க்குழலை நீட்டும். அதில் கொயினாவைக் கலந்தால் பின்வாங்கும். இவ்வாறு நடவாமல் சுவையோ மணமோ பிறழ்ந்து பிறந்த ஈக்களைத் தேடிப் பிரித்து, அக்குறை எந்த மரபணுவில் உள்ளதென ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டனர்.

சுவைப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளின் மரபணுக்கள் 2000-ஆம் ஆண்டில்தான் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கார்ல்சன் குழுவினரால் வெளிப்பட்டன. பழ ஈயில் ஏறத்தாழ 60 மரபணுக்கள் இவ்வேற்பிகளை அமைக்கின்றன. கசப்பு நரம்பணு ஒன்றில் இவற்றுட் பல ஒருங்கே அமைகின்றன. ஆகவே வெவ்வேறு கசப்புகள் ஒரே எச்சரிக்கையாக மூளையை அடைகின்றன. சில கசப்புகள் இனிப்பு நரம்பணுவின் துடிப்பையும் அடக்கிவிடுகின்றன. சர்க்கரையில் கலந்த கொயினாவை ஈ விலக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். வியப்பு என்னவெனில், நம் நாவின் கசப்பு ஏற்பிகளுக்கும் இவற்றுக்கும் உறவே இல்லை. அமைப்பு முற்றிலும் வேறு. வெறுப்பு மட்டும் ஒன்று.

எல்லாப் பூச்சிகளும் ஒரே அளவில் கூச்சப்படுவதில்லை. பாலைவன வெட்டுக்கிளி மிகச் சிறு அளவு அசாடிராக்டினுக்கே விலகும். அதன் நெருங்கிய உறவினமான வேறொரு வெட்டுக்கிளிக்குப் பன்மடங்கு வேண்டும். நம் அரிசிப் பானையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழு அங்கேயே வளர்கிறது. மேலே கிடக்கும் வேப்பிலையை அதன் வாய் தொடுவதே இல்லை. இலையிட்ட பானையிலும் சில வேளை வண்டு காண்பதற்கு வேம்பைக் குறை கூற இயலாது. தானியத்தை முன்பே நன்கு வெயிலில் காயவைக்கும் நம் பாட்டிமார் அதை அறிந்திருந்தனர் போலும்.