‘பர்மா ராணி’யில் போர்: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமொன்றின் இராணுவப் பிழைகளும் வரலாற்று விடுபாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து, 1945இல் வெளியிட்ட ‘பர்மா ராணி’ திரைப்படத்தின் போர்ச் சித்திரிப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. திரைப்படங்களில் காணப்படும் இராணுவப் பிழைகளைப் பொருட்பிழை, அமைப்புப்பிழை, விடுபாடு என மூன்றாகப் பகுத்து, அவற்றுள் விடுபாடே வரலாற்றாய்வாளர் கூடுதல் கவனம் செலுத்தவேண்டியது என நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பர்மா ராணி, மாடர்ன் தியேட்டர்ஸ், டி. ஆர். சுந்தரம், போர்ப் பரப்புரை, இந்திய தேசிய இராணுவம், பர்மாத் தமிழர்

முன்னுரை

போர்ப் படங்களில் காணப்படும் தவறுகளைப் பட்டியலிடுவது எளிது. சீருடையின் நிறம், பதவிச் சின்னம், துப்பாக்கியின் வகை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பிழை காண்போர் பலர். ஆனால், பிழை ஏன் நேர்ந்தது, எவருடைய தேவைக்காக நேர்ந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது குறைவு. தமிழ்த் திரையுலகில் அவ்வினாக்களுக்கு ஏற்ற களமாக அமைவது ‘பர்மா ராணி’. புராணக் கதைகளும் அரச கதைகளும் மிகுந்திருந்த காலத்தில், நடந்துகொண்டிருந்த போரையே கதைப்பொருளாக்கிய படம் இது.

படம் உருவான சூழல்

மாடர்ன் தியேட்டர்ஸின் நிறுவனர் டி. ஆர். சுந்தரம் 1907இல், இன்றைய நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்செங்கோட்டில் பிறந்தவர். நெசவுத் தொழில் சார்ந்த குடும்பத்தினர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஏற்காடு மலையடிவாரத்தில் அவர் அமைத்த படப்பிடிப்பு நிலையம் 1937 முதல் படங்களை வெளியிட்டது. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) இங்கேயே உருவாயிற்று.

1942 மார்ச்சில் இரங்கூனும் மே மாதத்தில் மாந்தலேயும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை நகர மக்கள் பெருந்தொகையினர் வெளியேறினர். கடற்கரையிலிருந்து விலகிய சேலம் போன்ற உள்நாட்டு நகரங்கள் ஒப்பளவில் பாதுகாப்பானவையாகக் கருதப்பட்டன. படச்சுருள் பற்றாக்குறையால் படத்தின் நீளம் 11,000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள், வரையறுக்கப்பட்டது. போர் முயற்சிக்குத் துணைசெய்யும் படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர்களை அரசு வற்புறுத்தியது. கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’ ஆகியனவும் இச்சூழலில் பிறந்தவையே. ஆகவே, ‘பர்மா ராணி’யைக் கலைஞரின் தனி விருப்பத்தின் விளைவாக மட்டும் கொள்ளவியலாது.

பொருட்பிழையும் அமைப்புப்பிழையும்

ஜப்பானியர் ஆதிக்கத்திலுள்ள பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப்படையினர் சிலர், உள்ளூர்த் துணையுடன் தப்ப முயல்வதே படத்தின் கதை. ஹொன்னப்ப பாகவதரும் கே. எல். வி. வசந்தாவும் முதன்மை வேடங்களை ஏற்க, ஜப்பானியத் தளபதியாகச் சுந்தரமே நடித்தார். அயல்நாட்டுக் களத்தைத் தமிழ் நடிகர்களைக் கொண்டே அமைக்க வேண்டியிருந்தமையால் மொழி, முகத்தோற்றம் ஆகியவற்றில் நேரும் பொருத்தமின்மையைத் திரைமரபு சார்ந்ததாகவே கொள்ளவேண்டும்; அது அறியாமையால் விளைந்ததன்று.

கதையமைப்பிலுள்ள இராணுவப் பொருத்தமின்மை இதனினும் வேறானது. 1932இல் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படை, பர்மாப் போர்முனையில் பெரும்பாலும் லைசாண்டர், ஹரிக்கேன், வெஞ்சன்ஸ் ஆகிய சிறு விமானங்களையே இயக்கியது. ஹரிக்கேனில் ஒருவரும் ஏனைய இரண்டில் இருவரும் செல்வது வழக்கம். பலர் ஏறிச் செல்லும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் பிரித்தானிய, அமெரிக்கப் பிரிவுகளிடமே இருந்தன. எனவே, விமானப்படையினர் குழுவாகச் சிக்கித் தப்பும் கதையமைப்பு இந்தியப் பிரிவுகளைவிட அப்பிரிவுகளுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. பார்வையாளர் கண்முன் இந்திய வீரனை நிறுத்தவேண்டும் என்னும் பரப்புரைத் தேவை இம்மாற்றத்தை விளக்கப் போதுமானது.

விடுபாடு என்னும் பெரும்பிழை

மேற்கண்டவற்றைத் திருத்திவிட்டாலும் படம் காட்டும் போர் முழுமை பெறாது. முதலாவதாக, அதே பர்மாவில் எதிரணியில் நின்று போரிட்ட இந்தியர்க்கு இப்பரப்புரையில் இடமில்லை. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பொறுப்பேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் மலாயா, பர்மாத் தமிழர் பெருமளவில் இணைந்தனர். கேப்டன் இலட்சுமி தலைமையிலான ஜான்சி ராணி படைப்பிரிவின் பெண்களுள் பலர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர். அவர்களுள் ஒரு பகுதியினர் 1944இல் பர்மாவிற்கு அனுப்பப்பட்டனர். போர்க்காலத் தணிக்கையால் இச்செய்திகள் தமிழகத்தில் பரவலாக வெளிவரவில்லை. சேலத்தில் எடுக்கப்பட்ட படத்தின் ராணி நேச நாட்டினர்க்குத் துணைநின்ற அதே காலத்தில், மற்றொரு ராணியின் பெயரால் தமிழ்ப் பெண்கள் அவர்களுக்கு எதிராகப் படைப்பயிற்சி பெற்றிருந்தனர்.

இரண்டாவதாக, 1942இல் பர்மாவிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியரின் துயரம் இக்கதையின் மையமாகவில்லை. அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைவழியாகவும் நடந்தோருள் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். பாதுகாக்கத் தவறிய அரசே படத்தின் மறைமுகப் புரவலராக இருந்த நிலையில், இவ்விடுபாடு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

ஒப்பீடு

இதே ஆண்டில் வெளிவந்த ‘அப்ஜெக்டிவ், பர்மா!’ என்னும் ஹாலிவுட் படம் ஒப்புநோக்கத்தக்கது. பர்மாப் போரை அமெரிக்கரின் வெற்றியாகக் காட்டியமையால் பிரித்தானியாவில் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வாரத்தில் இலண்டனில் படம் திரும்பப் பெறப்பட்டு, 1952இல்தான் மீண்டும் திரையிடப்பட்டது. அங்கு எதிர்ப்புக்குக் காரணம் ஆயுதமோ சீருடையோ அன்று. களத்தில் நின்றோர் மறைக்கப்பட்டதேயாகும். பிரித்தானியரின் எதிர்ப்பிலும், பதினான்காம் படையில் பெரும்பான்மையினராக இருந்த இந்திய வீரர்கள் முதன்மை பெறவில்லை.

தமிழில் இவ்விடுபாட்டை ஓரளவு ஈடுசெய்த படம் போர்ப் படமன்று என்பது குறிப்பிடத்தக்கது. ‘பராசக்தி’ (1952), இரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் போரினால் சிதறுவதையும், குண்டுவீச்சில் காலிழந்த அகதி இரவலனாவதையும் காட்டியது. படைகளின் மோதலைப் பொருளாகக் கொள்ளாத அப்படம், பர்மாப் போரின் தமிழ்ப் பட்டறிவுக்குக் கூடுதல் உண்மையுடன் சான்று பகர்கிறது.

முடிவுரை

‘பர்மா ராணி’ பர்மாப் போர்முனை பற்றிய நம்பத்தக்க ஆவணமன்று. ஆயினும், 1945இல் சேலத்துப் படப்பிடிப்பு நிலையம் ஒன்று எதைச் சொல்ல இசைவு பெற்றிருந்தது, எதைச் சொல்லவியலாதிருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்றாகும். பொருட்பிழை தயாரிப்பு வசதியின் எல்லையையும், அமைப்புப்பிழை பரப்புரையின் தேவையையும், விடுபாடு அதிகாரத்தின் அச்சத்தையும் உணர்த்துகின்றன. திரைப்படத்தை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்துவோர் திரையில் உள்ளவற்றைச் சரிபார்ப்பதுடன் நில்லாது, திரைக்கு வராதவர்களையும் கணக்கில் கொள்வது இன்றியமையாதது.