தசைப்பொதியும் கண்மையும்: காரைக்கால் அம்மையாரின் உடல் குறித்து

சைவப் பெண்புலவர் காரைக்கால் அம்மையாரின் வற்றிய மேனியை உணவு மறுப்பின் விளைவாகப் படிப்பவர்கள் உண்டு. உணவை ஒதுக்கி வாழ்ந்து 1380இல் மறைந்த சியன்னா நகரத்துக் கத்தரீனாவுக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து, உடலை வெறுத்துப் பட்டினி கிடக்கும் இன்றைய இளம்பெண்களுக்கு முன்னோடியாக்குகிறார்கள். இந்த வாசிப்பு அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டைத் தாண்டுவதில்லை.

அந்தப் பாட்டில் வருவது வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறும் கொண்ட பெண்பேய். இரண்டாம் பாட்டிலேயே ஒரு பேய் கள்ளிக் கிளைகளுக்கிடையில் காலை நீட்டிக்கொண்டு, கொள்ளிக்கரியை மசித்துக் கண்ணுக்கு மை எழுதிக்கொள்கிறது. தன் உருவத்தை வெறுப்பவள் செய்யும் காரியமா இது? பின்னொரு பாட்டில் தாய்ப்பேய் நிணத்தை விழுங்குகிறது, மண்டையோட்டு மாலை அணிகிறது, தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு வளர்க்கிறது, அதன்மேல் படிந்த புழுதியைத் துடைத்து முலை கொடுக்கிறது. முதல் பாட்டில் ‘கொங்கை’ வற்றியது. இங்கே ‘முலை’ பால் தருகிறது. ‘கொங்கை’ எதுகைக்காக வந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘முலை’ எதுகைத் தேவையால் வந்த சொல் அன்று. வற்றிய உடல் ஊட்டும் உடலாகவும் இருக்கிறது என்பதைப் பதிகமே சொல்கிறது.

இவை சுடுகாட்டு வருணனை மட்டுமே, புலவர் வேறு, பேய் வேறு என்பார்கள். பதிகத்தை முடிக்கும் கடைக்காப்புப் பாட்டில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்பவரிடம் அது செல்லாது.

அம்மையாரின் வாழ்க்கைக் கதையாக அறியப்படும் கணவனும் மாங்கனியும் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொல்லும் கதையில் வருபவை. அம்மையாரின் பாடல்களில் இல்லை. அக்கதையிலும் புனிதவதி (அம்மையாரின் இயற்பெயர்) பட்டினி கிடக்கவில்லை. கறியமுது ஆகாத வேளையில் பசித்து வந்த அடியவருக்குச் சோற்றோடு மாங்கனி படைக்கிறாள். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்ட கணவன் பரமதத்தன் தன் காலில் விழுந்த பிறகு, அவனுக்காகத் தாங்கிய ‘தசைப்பொதி’யைக் கழித்துவிட இறைவனிடம் வேண்டுகிறாள். பொதி வணிகர் சுமக்கும் சுமை. வணிகக் குடும்பத்தின் கதையில் சேக்கிழார் அச்சொல்லை எண்ணிப் பார்க்காமல் இட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை, முடிந்த முடிபாக இதைச் சொல்ல இயலாவிட்டாலும். உரியவன் வேண்டாம் என்றதும் சுமை இறக்கப்படுகிறது. அதில் உடல்மேல் அருவருப்பைக் காட்டும் சொல் எதுவும் இல்லை.

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியன்று பிச்சாடனர் உலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனி இறைக்கிறார்கள். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அதைப் பிடித்து உண்கிறார்கள். அம்மையாரின் பெயரால் நடக்கும் விழா ஊட்டலைக் கொண்டாடுகிறது. பதிகத்தில் பசியைத் தேடுவோர் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: வெளியே போன தாய்ப்பேய் திரும்பாததால் அழுதழுது உறங்கிப்போன அந்தக் குழந்தையிடம்.