கை எரியுது, பிள்ளை

இயந்திரத்தை மனிதர் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பேசக் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு தாதி. எனக்குத் தெரிந்த இடம் மருத்துவமனை. அங்கே நடந்த ஒரு வரலாற்றையே சொல்கிறேன்.

'தெராக்-25' என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் இயந்திரம். செய்தது கனடாவின் அரசு அணுசக்தி நிறுவனமான ஏ.இ.சி.எல். அதற்கு முந்தைய தெராக்-20இல், கதிர் தவறாகப் பாய்வதைத் தடுக்க, கணினியைச் சாராத தனிப் பூட்டுகள் இருந்தன. புதிய இயந்திரத்தில் அந்தக் காவல் வேலையைப் பெரும்பாலும் மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகள் அளவு மீறிய கதிருக்கு ஆளானார்கள். அதில் ஒன்று, நான் வசிக்கும் டொரொண்டோவுக்குப் பக்கத்திலுள்ள ஹாமில்டனில் நடந்தது.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் நடந்ததைக் கேளுங்கள். இயந்திரத்தை இயக்கிய பெண் அனுபவசாலி. எலெக்ட்ரான் சிகிச்சைக்கு 'ஈ' என்று தட்டவேண்டிய இடத்தில் எக்ஸ்ரேக்குரிய 'எக்ஸ்' விழுந்துவிட்டது. சட்டென்று திருத்தினார். 'கோளாறு 54' என்று திரையில் வந்தது. கொடுத்த அளவு குறைவு என்றும் காட்டியது. தொடர்வதற்கான 'பி' விசையை அழுத்தினார். உள்ளே இருந்தவருக்கு மறுபடியும் கதிர் பாய்ந்தது. அவர் எழுந்து வந்து கதவைத் தட்டினார். அறையைக் காட்டும் கமெராவும் ஒலிபெருக்கியும் அன்று வேலை செய்யவில்லை.

அந்தப் பெண்ணை அலட்சியக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே நாளில் நாற்பது முறைகூடக் கோளாறு காட்டிய இயந்திரம் அது. கையேட்டில் அந்த எண்களுக்கு விளக்கமும் இல்லை. ஓயாமல் கத்தும் அலாரம் நம் காதைச் செவிடாக்கிவிடும். எந்த வார்டிலும் இதைப் பார்க்கலாம்.

அளவு மீற வழியே இல்லை என்றது நிறுவனம். சோதித்தார்கள், பிழை தென்படவில்லை. இயந்திரம் மீண்டும் ஓடியது. ஏப்ரலில் அதே நகரில் அடுத்தவருக்கும் அதுவே நடந்தது. இருவருமே இறந்தார்கள்.

பிழையைக் கண்டுபிடித்தவர்கள் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே பெண்ணும்தான். அவர் தன் விரல் வேகத்தை நினைவுபடுத்தித் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். எட்டு விநாடிக்குள் திருத்தினால் மென்பொருள் அதைக் கவனிக்கத் தவறியது. மெதுவாகத் தட்டியவர்களுக்கு அது அகப்படவில்லை. தொழிலில் கைதேர்ந்தவரின் வேகம்தான் ஆபத்தைத் திறந்தது. அதே கைதான் காரணத்தையும் காட்டியது.

ஓர் இரவு என் வார்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "கை எரியுது, பிள்ளை" என்றார். மருந்தேற்றும் பம்பைப் பார்த்தேன். பச்சை விளக்கு, அலாரம் இல்லை. "ஒண்டுமில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டடி நடந்தேன். பிறகு திரும்பிவந்து போர்வையை விலக்கினேன். ஊசி நரம்பை விட்டு விலகி, கை வீங்கியிருந்தது.

தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமாவை எங்கள் ஆலயத்தில் குறையாகவே பேசுவார்கள். வார்டில் எனக்கு அவர்தான் துணை. பம்பை நான் தினமும் நம்புகிறேன், அது இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் திரை ஒன்று சொல்லி, நோயாளி வேறொன்று சொன்னால், முதலில் போர்வையை விலக்கிப் பார்க்கிறேன்.