கல்வி ஆய்வில் தத்துவத்துக்கு இனி இடமுண்டா?

கல்வியை ஆராய்கிறவர்கள் இரண்டு வகையான கேள்விகளைக் கேட்கிறார்கள். எப்படிக் கற்பித்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பது ஒன்று. 'நன்றாக' என்றால் என்ன, பிள்ளைகள் எதற்காகப் படிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சோதனைத் தாளும் புள்ளிவிவரமும் பதில் தரும். இரண்டாவது கேள்வி தத்துவத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலமும் உண்டு. தத்துவம் வெளியே நிறுத்தப்பட்ட காலமும் உண்டு.

சிகாகோவில் ஒரு பள்ளி

1896ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அங்கே தத்துவத் துறைத் தலைவராக இருந்த ஜான் டூயி. இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, கல்விச் சிந்தனைக்குப் பள்ளிக்கூடம் அப்படி என்பது அவர் எண்ணம். அங்கே பிள்ளைகள் சமையல், நெசவு, மரவேலை வழியாகக் கணக்கும் அறிவியலும் வரலாறும் கற்றார்கள்.

1904ஆம் ஆண்டு டூயி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஆசிரியர் கல்லூரியில் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் வேறொரு பாதை வகுத்துக் கொண்டிருந்தார். கல்வியின் பலன் எதுவானாலும் அதை அளக்க முடியும் என்பது அவர் கொள்கை. அமெரிக்கக் கல்வி ஆய்வு பெரும்பாலும் அவர் காட்டிய வழியிலேயே நடந்தது. ஆய்வு முடிவு எதையும் அப்படியே வகுப்பறை விதியாக மாற்ற முடியாது என்று 1929ஆம் ஆண்டில் டூயி ஒரு சிறு நூலில் எச்சரித்தார். அதைக் கேட்டவர்கள் குறைவு.

லண்டனில் எழுச்சியும் சரிவும்

பிரிட்டனில் கதை வேறு. 1962ஆம் ஆண்டு ஆர்.எஸ். பீட்டர்ஸ் லண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் கழகத்தில் கல்வித் தத்துவப் பேராசிரியரானார். 1964ஆம் ஆண்டில் அவரும் பால் ஹர்ஸ்ட்டும் சேர்ந்து கல்வித் தத்துவத்துக்கு ஒரு சங்கமே அமைத்தார்கள். 1967ஆம் ஆண்டு வெளிவந்த பிளவ்டன் அறிக்கை, குழந்தையே கல்வியின் மையம் என்றது. அதன் அடிப்படைச் சொற்களைப் பீட்டர்சும் அவர் கூட்டாளிகளும் விடாமல் சோதித்தார்கள். 'வளர்ச்சி' என்றால் எதை நோக்கி வளர்ச்சி? குழந்தையின் 'தேவை' எது என்று முடிவு செய்வது யார்? ஆசிரியர் பயிற்சியில் உளவியல், சமூகவியல், வரலாறு ஆகியவற்றோடு தத்துவமும் ஒரு பாடமாக நிலைபெற்றது.

ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு பலவீனம் இருந்தது. தத்துவம் தனி அறையில் அமர்ந்து சொற்களை அலசியது; முப்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் புது ஆசிரியருக்கு அதனால் என்ன பயன் என்ற குரல் எழுந்தது. 1984ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சியை மதிப்பிட அரசாங்கம் தனி மன்றம் அமைத்தது. 1992ஆம் ஆண்டு விதிப்படி இடைநிலைப் பள்ளிப் பயிற்சியின் 36 வாரங்களில் 24 வாரங்கள் பள்ளியிலேயே கழிய வேண்டும். தத்துவம் கால அட்டவணையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

எண்களின் காலம்

1996ஆம் ஆண்டு டேவிட் ஹார்கிரீவ்ஸ், மருத்துவம் போலக் கற்பித்தலும் ஆய்வுச் சான்றின்மேல் நிற்க வேண்டும் என்று வாதாடினார். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் கையொப்பமான கல்விச் சட்டமும் அறிவியல் அடிப்படையிலான ஆய்வையே வற்புறுத்தியது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பலனற்ற முறைகளால் பாதிக்கப்படுகிறவர்கள் பிள்ளைகள்தானே!

எனினும், சான்று மட்டும் போதுமா என்பதற்கு ஒரு பாடம் உண்டு. 1985 முதல் 1989 வரை டென்னசி மாநிலத்தில் 79 பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பில் இருந்தவர்கள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் இருந்தவர்களைவிட வாசிப்பிலும் கணக்கிலும் மேலாகச் செய்தார்கள். அதை நம்பி 1996ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கையை 20ஆகக் குறைக்க முனைந்தது. வகுப்புகள் பெருகின, ஆசிரியர்கள் போதவில்லை. முழுத் தகுதி பெறாதவர்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளே அதிகம் சிரமப்பட்டன. நூலகமும் இசை அறையும் வகுப்பறைகளாயின. டென்னசியில் கண்ட பலன் அங்கே தெளிவாகத் தென்படவில்லை.

'அங்கே பலித்தது' என்பதிலிருந்து 'இங்கேயும் பலிக்கும்' என்று சொல்ல எந்தத் துணைக் காரணங்கள் வேண்டும்? இந்தக் கேள்வியை 2012ஆம் ஆண்டு நூலில் விரிவாக அலசியவர்களில் ஒருவர் நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவ அறிஞர். அதற்கு முன்பே, 2007ஆம் ஆண்டு, கெர்ட் பீஸ்டா இன்னொரு கேள்வி எழுப்பியிருந்தார்: பலிக்கிறது என்றால் எதற்காகப் பலிக்கிறது? இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கல்வி அறக்கட்டளை ஒன்று, ஒவ்வொரு முறையின் பலனையும் 'இத்தனை மாத முன்னேற்றம்' என்று கணக்கிட்டுத் தருகிறது. ஆசிரியர்களுக்கு அது உதவிதான். ஆனால் எதில் முன்னேற்றம் என்பதை யாரோ முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள்.

கல்வித் தத்துவத்தின் வேலை இங்கேதான் இருக்கிறது. பீட்டர்ஸ் காலத்துத் தனிப் பாடம் அதே உருவில் திரும்பி வருவது கடினம். சோதனையைத் திட்டமிடும்போது எதை அளப்பது, எதை விட்டுவிடுவது, முடிவு யாருக்குப் பொருந்தும் என்று கேட்கும் ஒருவராகத் தத்துவ அறிஞர் ஆய்வுக் குழுவிலேயே அமர முடியும். அந்த இருக்கை காலியாக இருந்தால், எதைக் கேட்கிறார்களோ அதற்கு மட்டும் ஆய்வு சரியான விடை தரும்; கேட்காமல் விட்டதற்கு விலை கொடுப்பவர்கள் மாணவர்களே.