மக்கு ஆக்கப்பட்ட பிள்ளைகள்

'தாழ்ந்தவர்' என்ற சொல்லை நாம் ஏற்பதில்லை. 'தாழ்த்தப்பட்டவர்' என்று திருத்துகிறோம். தாழ்த்திய கை ஒன்று உண்டு என்பதை அந்தப் 'பட்ட' காட்டிக் கொடுத்துவிடுகிறது. 1971இல் லண்டனில் ஒரு கறுப்பின ஆசிரியர் எழுதிய சிறுநூலின் தலைப்பும் இப்படித்தான் பேசியது: மேற்கிந்தியக் குழந்தை பிரித்தானியப் பள்ளிகளில் எப்படிக் கல்வியில் குறையுள்ளதாக 'ஆக்கப்படுகிறது'? எழுதியவர் கிரனடா நாட்டவரான பெர்னார்ட் கோர்ட். வெளியிட்டது ஜான் லா ரோஸின் நியூ பீக்கன் பதிப்பகம்.

பிரிட்டனின் 1944 கல்விச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், பாடத்தில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளைக் 'கல்வியில் இயல்புக்குக் கீழானவர்' என்று வகைப்படுத்தின. அவர்களுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. அங்கே அனுப்பலாமா என்பதை முடிவு செய்ததில் ஐ.க்யூ. சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. லண்டன் உள்நகரக் கல்வி நிர்வாகத்தின் 1967 அறிக்கையைக் கோர்ட் எடுத்துக்காட்டினார். சாதாரணப் பள்ளிகளில் குடியேறிகளின் பிள்ளைகள் சுமார் 15 விழுக்காடு. இந்தத் தனிப் பள்ளிகளிலோ சுமார் 28 விழுக்காடு. அவர்களில் நான்கில் மூவர் மேற்கிந்தியர். 'ஸ்பெஷல் ஸ்கூல்' என்றதும் நல்ல பள்ளி என்று நம்பி அனுப்பிய பெற்றோரும் உண்டு. போன பிள்ளைகளில் பெரும்பாலோர் சாதாரணப் பள்ளிக்குத் திரும்பவில்லை.

அந்தச் சோதனை எதை அளந்தது? தண்ணீர் வரும் குழாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை அது கேட்டது. கரீபியத் தீவுகள் பலவற்றில் அதற்கு 'பைப்பு' என்றுதான் பெயர். வீட்டில் தினமும் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் மதிப்பெண் போயிற்று. பண்பாட்டுச் சாய்வு, நடுத்தர வர்க்கச் சாய்வு, புலம்பெயர்ந்த பிள்ளையின் மனக்கலக்கத்தை அறிவுக்குறையாகப் படிக்கும் சாய்வு என மூன்றைக் கோர்ட் அடுக்கினார். இவன் படிக்க மாட்டான் என்று ஆசிரியர் முதலில் நினைக்கிறார். பிறகு பிள்ளையே அதை நம்பத் தொடங்குகிறது என்றும் காட்டினார்.

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. கூட்டங்கள் போட்டார்கள், அதிகாரிகளை எதிர்த்துக் கேட்டார்கள். சமூகமே நடத்திய சனிக்கிழமைப் பள்ளிகள் பெருகின. 1978இல் வார்னாக் குழு அறிக்கை தந்தது. 1981 சட்டம் பழைய முத்திரைகளை நீக்கியது. ஸ்காட்லாந்தின் 2004 சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே போய், 'கூடுதல் ஆதரவுத் தேவை' என்று பேசியது. இயலாமை இருந்தால்தான் ஆதரவு என்றில்லை. வீட்டு மொழி வேறாக இருக்கலாம், வீட்டில் ஒரு சாவு நேர்ந்திருக்கலாம், பள்ளியில் யாராவது துன்புறுத்தலாம். காரணம் எதுவானாலும் கற்க உதவி தேவைப்பட்டால் அது பள்ளியின் கடமை. பிள்ளையிடம் என்ன குறை என்ற கேள்வி, பள்ளி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியாக மாறியது. (கோர்ட் பின்னாளில் கிரனடா அரசியலில் இறங்கி, 1983 படுகொலைகளுக்காகத் தண்டனை பெற்றார். அதை மறைக்க வேண்டியதில்லை. நூலின் கேள்வி அதனால் பொய்யாகிவிடாது.)

நம் ஊருக்கு வருவோம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேச கிராமத்துச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்களுக்கு இணையாகவே போட்டார்கள். எல்லார் முன்னும் சாதியைச் சொன்னதும் அவர்களின் மதிப்பெண் சரிந்தது. பிள்ளையும் அதே, புதிரும் அதே. மாறியது அறைதான்.

இங்கே நாம் ஒரு குழியில் விழுந்துவிடக் கூடாது. 'எங்கள் பிள்ளைகள் மக்கு இல்லை' என்று முழங்கும்போது, உண்மையிலேயே அறிவுவளர்ச்சிக் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள நம் பிள்ளையை எங்கே நிறுத்துகிறோம்? அவர்களை நமக்கும் கீழே ஒரு படியில் வைத்தால், நாம் எதிர்க்கும் ஏணியையே நாமும் கட்டுகிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம், சொல்வதை எழுத ஆள் கேட்கலாம். நம் சேரியில் எழுத்துகளைப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கிறதா, கடைசி பெஞ்சு கிடைக்கிறதா?

ஆக, அநீதி இரண்டு பக்கமும் இருக்கிறது. தேவையில்லாத பிள்ளைக்கு முத்திரை. தேவைப்படும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மாலை வகுப்பு நடத்தும் தோழர்களே, ஒரு பிள்ளை தடுமாறினால் முதலில் அதன் மொழியில் கேட்டுப் பாருங்கள். பிறகும் தடுமாறினால் கூச்சப்படாமல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சோதனையின் முடிவில் பிள்ளைக்கு என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால், அந்தச் சோதனை யாருக்காக என்றும் கேளுங்கள்.