‘காலி’ நிலத்தில் இத்தனை உயிர்களா? ஓமன் பாலைவனத்தின் பாலூட்டிகள்!

‘வீடு காலி’, ‘பாத்திரம் காலி’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்தக் ‘காலி’ அரபு மொழியிலிருந்து வந்த சொல். அரேபியாவின் மாபெரும் மணல் பாலைவனத்தின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது. ‘ரப் அல் காலி’. ‘நாலில் ஒரு பங்கு வெறும் நிலம்’ என்று அர்த்தம். சவுதி, ஏமன், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம் என நான்கு நாடுகளில் அது விரிந்து கிடக்கிறது.

மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு சாலை வழியாகப் போனவர்களைக் கேட்டால், அந்தப் பெயர் சரிதான் என்பார்கள். சுமார் 1,000 கிலோமீட்டர் பயணம். நடுவில் பல மணி நேரத்துக்கு ஜன்னலுக்கு வெளியே தட்டையான தரை, அங்கங்கே ஒரு வேலமரம். ‘இங்கே என்னதான் உயிர் வாழும்?’ என்று தோன்றும்.

உண்மையில் அந்த நிலம் காலி இல்லை. மான், ஓநாய், சிறுத்தை, கழுதைப்புலி, காட்டு ஆடு, மணல் பூனை, முள்ளெலி என்று பெரிய பட்டியலே இருக்கிறது. இவற்றில் சில உலகத்தில் வேறு எங்கும் பெரிதாக மிச்சமில்லாதவை. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூட உறுதியில்லாத இடத்தில் இவை எப்படிப் பிழைக்கின்றன? பிழைக்கத் தெரிந்த இவற்றுக்கே ஆபத்து எங்கிருந்து வந்தது?

ஒரு நாடு, நான்கு உலகங்கள்

ஓமனின் பரப்பு சுமார் 3.1 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வடக்கே ஹஜர் மலைத்தொடர், நடுவே கல்லும் சரளையும் நிறைந்த சமவெளி, மேற்கே மணல் குன்றுகள், தெற்கே தோஃபார் மலைகள்.

இதில் தோஃபார் தனி ரகம். நம்ம குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே சீசனில், அதே தென்மேற்குப் பருவக்காற்று அங்கேயும் போய் மோதுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை முழுக்கப் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும். மொட்டை மலை பச்சைப்பசேல் என்று மாறிவிடும். இந்தப் பருவத்தை ‘கரீஃப்’ என்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் மறுபடியும் பாலைவனம்தான்.

ஆக, ஒவ்வொரு உலகத்துக்கும் ஒவ்வொரு கூட்டம். எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்வி ஒன்றுதான். தண்ணீருக்கு என்ன வழி?

வியர்வையை மிச்சம் பிடிக்கும் ஓரிக்ஸ்

நடுச் சமவெளியின் பெயர் ஜித்தத் அல் ஹராசிஸ். அங்கே ராஜா, அரேபிய ஓரிக்ஸ். வெள்ளை உடம்பு, கறுத்த கால்கள், கத்திபோல நேராக நிற்கும் இரண்டு கொம்புகள். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஒற்றைக்கொம்புக் குதிரைக் கதைகளுக்கு இந்த விலங்குதான் காரணம் என்று சொல்வோரும் உண்டு.

மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் ஓரிக்ஸால் இருக்க முடியும். நமக்கு உடம்பு சூடானால் வியர்க்கும். வியர்த்தால் தண்ணீர் போய்விடும். ஓரிக்ஸ் அந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறது. பகலில் உடல் வெப்பநிலையைச் சில டிகிரி ஏறவிடுகிறது. இரவில் காற்று குளிர்ந்ததும் அந்தச் சூட்டை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. வெயில் ஏறும் முன்பே மரநிழலில் பள்ளம் தோண்டி, குளிர்ந்த மண்ணில் வயிறு பட படுத்துக்கொள்ளும். கோடையில் மேய்ச்சல் பெரும்பாலும் இரவில்தான்.

இரவு மேய்ச்சலில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் மூடுபனி சமவெளியில் இறங்கி புல்லையும் இலையையும் நனைத்துவிடும். சாப்பாட்டோடு தண்ணீரும் சேர்ந்தே வாய்க்குள் போகும். எங்காவது மழை பெய்து புல் முளைத்தால், அதைத் தேடி நெடுந்தூரம் நடக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதயத்தையே சுருக்கும் மான்

ஓரிக்ஸுக்கே சவால் விடுவது ரீம் எனப்படும் மணல் மான். உணவும் நீரும் குறையும்போது இதன் கல்லீரலும் இதயமும் சுருங்கிவிடுகின்றன என்று ஆய்வில் கண்டறிந்திருக்கிறார்கள். உறுப்பு சிறிதானால் ஆக்சிஜன் தேவை குறையும். ஆக்சிஜன் தேவை குறைந்தால் மூச்சு குறையும். மூச்சுக்காற்றோடு வெளியேறும் ஈரமும் குறையும். வருமானம் குறைந்ததும் வீட்டுச் செலவைச் சுருக்குகிற மாதிரிதான்!

சின்ன உயிர்களின் உத்தி வேறு. கங்காருபோலத் தாவும் ஜெர்போவா எலி, பகலில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும். தின்னும் உணவு உடம்புக்குள் செரித்து எரியும்போது உண்டாகும் நீரே அதற்குப் பெரும்பாலும் போதும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள மணல் பூனை, வேட்டையாடும் எலி, பல்லியின் உடலில் உள்ள ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளும். அதன் பாதத்தின் அடியில் முடி அடர்ந்திருக்கும். கொதிக்கிற மணலில் நமக்குச் செருப்பு, அதற்கு அந்த முடி.

நம்ம வரையாட்டின் ‘உறவுக்காரர்’

ஹஜர் மலையின் செங்குத்துப் பாறைகளில் வாழ்வது அரேபிய தஹ்ர். ஓமனிலும் அமீரகத்திலும் உள்ள இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

இதற்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதன் அறிவியல் பெயரில் ‘ஜயகரி’ என்று வரும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மஸ்கட்டில் மருத்துவராகப் பணியாற்றிய ஆத்மாராம் ஜயகர் என்ற இந்தியரின் பெயர் அது. அவர் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீன், பல்லி, விலங்கு மாதிரிகளைச் சேகரித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1894-ல் இந்த ஆட்டைப் புதிய இனமாக அறிவித்தபோது அவர் பெயரையே வைத்தார்கள்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டையும் இதையும் நீண்ட காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-ல் வெளியான மரபணு ஆய்வு அந்த உறவை மாற்றி எழுதியது. நம்ம வரையாடு செம்மறியாட்டு இனங்களுக்கு நெருக்கம். அரேபிய தஹ்ர் வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கு நெருக்கம். இப்போது இரண்டும் தனித்தனிப் பேரினங்கள். பாறைமேல் வாழ்ந்து வாழ்ந்து தோற்றம் ஒத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓரிக்ஸ் மாதிரி தஹ்ரால் தாக்குப்பிடிக்க முடியாது. கோடையில் சில நாள்களுக்கு ஒருமுறையாவது சுனைக்கு இறங்கி வந்தே ஆக வேண்டும். அங்கேதான் பிரச்னை. ஆளில்லாமல் திரியும் வீட்டு ஆடுகள் அதே சுனையிலும் அதே புதரிலும் பங்குக்கு வந்துவிடுகின்றன. தஹ்ர் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

தோஃபாரின் கடைசிச் சிறுத்தைகள்

தெற்கே போனால், அரேபியச் சிறுத்தை. சிறுத்தை வகைகளிலேயே மிகச் சிறியது இதுதான். ஆண் சுமார் 30 கிலோ, பெண் சுமார் 20 கிலோ. காட்டில் மிச்சமிருப்பவை 200-க்கும் குறைவு. தோஃபார் மலைகளும் ஏமனும்தான் அவற்றின் கடைசிப் புகலிடங்கள். 1997-ல் ஜபல் சம்ஹான் மலைப்பகுதியை ஓமன் அரசு காப்பகமாக அறிவித்தது. தானியங்கி கேமராக்கள் இல்லாவிட்டால் அங்கே சிறுத்தை இருப்பதே தெரியாது. அந்த அளவுக்குக் கூச்ச சுபாவம். 2023-ல் ஐ.நா சபை, பிப்ரவரி 10-ம் தேதியை அரேபியச் சிறுத்தை தினமாக அறிவித்தது.

அதன் சாப்பாட்டில் முக்கியமானவை நூபியன் ஐபெக்ஸ் என்ற காட்டு ஆடும், பாறை இடுக்கில் வாழும் ஹைராக்ஸும். ஹைராக்ஸ் பார்க்க வாலில்லாத பெரிய அணில் மாதிரிதான் இருக்கும். ஆனால், அதன் நெருங்கிய சொந்தம் யானை! இதே மலைகளில் வரிக் கழுதைப்புலி, அரேபிய ஓநாய், கேரகல் பூனை, முள்ளம்பன்றி, வெள்ளைவால் கீரியும் உண்டு. நம் கற்பனையில் உள்ள ஓநாயைவிட அரேபிய ஓநாய் ரொம்பச் சின்னது. சுமார் 20 கிலோ, மெலிந்த உடம்பு, பெரிய காது. சூட்டை வெளியேற்ற அந்தக் காதுகள் உதவும்.

இங்கே மனிதர்களோடு உரசல் அதிகம். மலைமக்களின் ஒட்டகமும் மாடும் ஆடும் பெருகப் பெருக, மேய்ச்சல் நிலம் தேய்கிறது. காட்டு இரை குறைந்தால் சிறுத்தையும் ஓநாயும் மந்தைக்கு வரும். ஆட்டை இழந்தவர் சும்மா இருப்பாரா?

கரையைத் தாண்டினால்...

திமிங்கலமும் பாலூட்டிதான். கூன்முதுகுத் திமிங்கலங்கள் பொதுவாகக் குளிர்ந்த கடலில் சாப்பிட்டு, வெப்பக் கடலில் குட்டிபோட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும். அரபிக்கடலில் ஒரு கூட்டம் மட்டும் அப்படிப் போவதில்லை. பருவக்காற்று ஓமன் கரையோரம் ஆழ்கடலின் குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே கொண்டுவருவதால், சாப்பாடும் பிரசவமும் இங்கேயே நடக்கிறது. சுமார் 70,000 ஆண்டுகளாக மற்ற கூட்டங்களிலிருந்து இவை பிரிந்தே இருக்கின்றன என்கிறது மரபணு ஆய்வு. ஓமன் கரையோரம் 100-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மீன்வலையும் கப்பலும் இவற்றின் பெரிய எதிரிகள்.

2017 இறுதியில், ‘லுபான்’ என்று பெயரிட்ட ஒரு பெண் திமிங்கலத்துக்கு ஆய்வாளர்கள் சாட்டிலைட் டேக் பொருத்தினார்கள். லுபான் என்றால் தோஃபாரில் விளையும் குந்திரிக்கம். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து, இந்தியாவின் தென்முனை வரை வந்து, ஓமனுக்கே திரும்பிப்போனது. அதாவது, இந்தத் திமிங்கலங்களைக் காப்பது ஓமனின் வேலை மட்டுமல்ல. நம் கடலும் அவற்றின் வீடுதான்.

செத்துப் பிழைத்த இனம்

இப்போது ஓரிக்ஸிடம் திரும்புவோம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வறட்சியை ஜெயித்த விலங்கு, ஜீப்பும் துப்பாக்கியும் வந்த சில பத்தாண்டுகளில் வீழ்ந்தது. திறந்தவெளியில் ஒளிய இடமில்லை. வண்டியோடு போட்டிபோட்டு ஓட முடியாது. 1972-ல் ஜித்தத் அல் ஹராசிஸில் காட்டின் கடைசி ஓரிக்ஸ் கூட்டமும் முடிந்தது.

நல்லவேளையாக, பத்து ஆண்டுகளுக்கு முன்பே சிலர் விழித்துக்கொண்டிருந்தார்கள். 1962-ல் பிடிக்கப்பட்டவை, லண்டன் மிருகக்காட்சிசாலை, குவைத், சவுதி மன்னர் கொடுத்தவை என ஒன்பது ஓரிக்ஸ்கள் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் சேர்ந்தன. அவற்றின் வாரிசுகள் ஓமனுக்கு வந்து, 1982 ஜனவரியில் பத்து விலங்குகள் கொண்ட முதல் கூட்டம் பாலைவனத்தில் திறந்துவிடப்பட்டது. காவலுக்கு அதே மண்ணில் ஆடும் ஒட்டகமும் மேய்த்த ஹராசிஸ் மக்களே நியமிக்கப்பட்டார்கள். தடம் பார்த்தே கூட்டத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். 1994-ல் யுனெஸ்கோ அந்தக் காப்பகத்தை உலகப் பாரம்பர்ய இடமாக அறிவித்தது. 1996 வாக்கில் ஓரிக்ஸ்களின் எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது.

அதன் பிறகு விழுந்தது அடி. இந்த முறை யாரும் கறிக்காகச் சுடவில்லை. தனியார் விலங்குப் பண்ணைகளுக்கு உயிரோடு விற்பதற்காகத் திருடினார்கள். குறி வைக்கப்பட்டவை பெரும்பாலும் பெண் விலங்குகளும் கன்றுகளும். பயத்திலும் ஓட்டத்திலும் வழியிலேயே செத்தவை பல. 2007-ல் மிஞ்சியது 65. அதில் இனப்பெருக்கம் செய்யும் ஜோடிகள் நான்குதான். அதே நேரத்தில், எண்ணெய், எரிவாயுத் தேடலை முன்னிட்டு காப்பகத்தின் பரப்பை 90 சதவிகிதம் குறைக்க ஓமன் முடிவெடுத்தது. யுனெஸ்கோ தன் பட்டியலிலிருந்தே அந்த இடத்தை நீக்கியது. வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

ஓரிக்ஸ் மழையைத் தேடி நெடுந்தூரம் நடக்கும் என்று பார்த்தோமே? ஒரு மூலையில் மழை பொய்த்தால் இன்னொரு மூலைக்குப் போக வேண்டும். பாலைவன விலங்குக்குத் தண்ணீர் கொஞ்சம் போதும். ஆனால், இடம் நிறைய வேண்டும். வேலிக்குள் தீவனம் போட்டு வளர்த்தால் உயிர் காப்பாற்றப்படும். பாலைவனத்தில் பிழைக்கும் அந்த வாழ்க்கைமுறைக்கு வேலிக்குள் வேலை இருக்காது.

நல்ல செய்தியும் இருக்கிறது. சவுதி, அமீரகம், இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகளும் ஓரிக்ஸை மீண்டும் வளர்த்தன. 2011-ல் காட்டில் சுமார் 1,000 என்ற நிலை வந்தபோது, சர்வதேச சிவப்புப் பட்டியலில் அதன் ஆபத்து நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. காட்டில் முற்றிலும் அழிந்த ஓர் இனம் இவ்வளவு தூரம் மீண்டது அதுவே முதன்முறை.

ஓமனில் இருக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்!

* வாதிகளில் கேம்ப் போடும்போது சுனைக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடிக்காதீர்கள். நீங்கள் இருக்கும் வரை இரவில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் இறங்காது.

* மிச்சமான பிரியாணியை ‘நரி சாப்பிடட்டும்’ என்று விட்டுவர வேண்டாம். மனிதர்களிடம் பழகிய நரிக்கு ஆயுள் குறைவு.

* காப்பகங்களுக்குப் போகும் முன் அனுமதி விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போடப்பட்ட தடத்தைவிட்டு வண்டியை இறக்காதீர்கள். ஒரு டயர் தடம் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும்.

* மான்குட்டி, காட்டுப்பூனைக்குட்டி விற்பனை வீடியோக்களை ஷேர் செய்யாதீர்கள். ஓரிக்ஸை இரண்டாம் முறை வீழ்த்தியது இந்த ஆசைதான்.

* விடியற்காலையில் மணலைப் பாருங்கள். காற்று கிளம்பும் முன்பு நரி, முள்ளெலி, ஜெர்போவாவின் காலடித் தடங்கள் தெளிவாகத் தெரியும். விலங்கைப் பார்க்க முடியாவிட்டாலும், ராத்திரி யார் யார் அந்தப் பக்கம் போனார்கள் என்பது தெரிந்துவிடும்.